கிளோவர் மேய்ந்த ஆடுகள் ஏன் குட்டி போடவில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: "ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு புல்லை மேய்ந்து ஆடுகள் கூட்டம் கூட்டமாக மலடாகிவிட்டன, அந்தப் புல்லில் பெண் ஹார்மோன் இருக்கிறது என்று படித்தேன். செடிக்குள் பெண் ஹார்மோன் எப்படி வரும்? நான் என் செம்மறிகளுக்குக் குதிரைமசால் போடுகிறேன். நிறுத்திவிடவா?"

நிறுத்த வேண்டாம். எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் படித்தது வதந்தி இல்லை, உண்மையாக நடந்தது. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் குதிரைமசாலை (லூசர்ன்) எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு திருத்தம். அது புல் இல்லை. பயறு வகையைச் சேர்ந்த கிளோவர். மூன்று இலை மூன்று இலையாகத் தரையோடு படரும் சின்னச் செடி. அதில் ஒரு வகைக்கு சப்டெரேனியன் கிளோவர் என்று பெயர், அங்கே சுருக்கமாக சப் கிளோவர். நம் நிலக்கடலை போலவே இதுவும் பூ முடிந்ததும் காம்பை வளைத்துக் காயை மண்ணுக்குள் செருகிக்கொள்ளும். சொந்த ஊர் மத்தியதரைக் கடல் ஓரம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பார்க்கர் பக்கம் ஏமோஸ் ஹவர்ட் என்ற விவசாயி 1889-ல் இதைக் கண்டு, நல்ல தீவனமாகுமே என்று பரப்ப ஆரம்பித்தார். அதுவரை களைதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழைய மண். மணல், தழைச்சத்து கிடையாது, மணிச்சத்து கிடையாது. அங்கே சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டு சப் கிளோவரை விதைத்தார்கள். வேர் முடிச்சு தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்தது. குளிர்கால மழையில் முளைத்து, வசந்தம் முழுக்கப் பச்சையாக நின்று, கோடையில் காய்ந்து, அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். மறுபடி விதைக்கும் வேலையும் இல்லை. டுவால்கனப் என்ற ரகம் சீக்கிரம் பூத்துக் காய்த்துவிடும் என்பதால் மழை குறைந்த இடங்களுக்குப் பொருத்தம் என்று பரவியது. சில பண்ணைகளில் மேய்ச்சல் நிலம் என்றால் கிட்டத்தட்ட கிளோவர் மட்டும்தான் என்ற நிலை. இந்த "மட்டும்தான்" என்பதை நினைவில் வையுங்கள். மத்தியதரைக் கடல் ஓரத்தில் நூறு செடிகளில் ஒன்றாக அதைக் கடித்த ஆட்டுக்கு, இங்கே மூன்று வேளையும் அதுவே சாப்பாடு.

1940-களின் தொடக்கத்தில் ஆட்டுக்காரர்கள் வினோதமான விஷயங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆடுகள் கொழுகொழுவென்று இருக்கின்றன, கம்பளிக்குக் குறைவில்லை. ஆனால் குட்டி இல்லை. கிடா சேர்கிறது, சினை நிற்பதில்லை. நின்ற சினையும் ஈனும் நேரத்தில் சிக்கல்: தாய் ஆடு முக்காது, குட்டி உள்ளேயே செத்துப் போகும். சிலவற்றுக்குக் கருப்பை வெளியே தள்ளிவிடும். நூறு தாய் ஆட்டுக்கு 80 குட்டி பார்த்த இடங்களில் மோசமான மந்தைகள் 30-க்கும் கீழே போயின. அதுவும் ஒரே வருஷத்தில் விழவில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. அதனால்தான் முதலில் யாருக்கும் உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரே ராத்திரியில் பத்து ஆடு செத்தால் ஊரே கூடும். பத்து ஆடு குட்டி போடாவிட்டால் "இந்த வருஷம் சரியில்லை" என்று போய்விடுவோம்.

காட்டிக்கொடுத்தது காயடித்த கிடாதான். கம்பளிக்காக வளர்க்கும் காயடித்த கிடாக்களுக்கு மடி கட்டியது. காம்பைப் பிழிந்தால் பால். சிலவற்றுக்குச் சிறுநீர்ப் பாதையை ஒட்டிய சுரப்பிகள் வீங்கி, சிறுநீர் அடைத்துச் செத்தன. ஈனாத கன்னி ஆடுகளுக்கும் மடியில் பால். விதை இல்லாத ஆண் உடம்பில் பால் ஊறுகிறது என்றால் அதற்குள் பெண் ஹார்மோன் எங்கிருந்தோ போகிறது என்று தானே அர்த்தம்?

இதை ஆராய்ந்து 1946-ல் எழுதியவர்கள் பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் என்ற மூவர். இதில் முதல் இருவரும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். பிறந்த குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழுவது தாய்க்குச் செம்புச் சத்து குறைவதால்தான் என்று காட்டியவர் பென்னட்ஸ். நல்ல மேய்ச்சல் இருந்தும் கால்நடை மெலிந்து சாவது கோபால்ட் குறைவால்தான் என்று கண்டதில் அண்டர்வுட்டுக்குப் பங்கு உண்டு. மண்ணில் என்ன குறைகிறது என்று தேடியே பழகிய கைகள். இந்தத் தடவை குற்றவாளி, தீவனத்தில் கூடுதலாக இருந்த ஒன்று. அந்த நோய்க்குக் கிளோவர் நோய் என்றே பெயர் நின்றுவிட்டது.

பிற்பாடு காயடித்த கிடாவின் காம்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ஒரு மேய்ச்சல் நிலத்தில் ஹார்மோன் வேகம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? காயடித்த கிடாக்களை உள்ளே விடு, சில வாரம் கழித்துக் காம்பின் நீளத்தை அளந்து பார். எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்ததோ அத்தனை வேகம். ஆய்வுக்கூடத்துக்கு இலையை அனுப்புவதைவிட இது நேர்மையான சோதனை என்பேன். ஏன் என்பது அடுத்து வருகிறது.

சரி, செடிக்குள் பெண் ஹார்மோன் எப்படி? நேரடியாகச் சொன்னால், கிளோவரில் இருப்பது ஆட்டின் ஹார்மோன் இல்லை. ஐசோஃப்ளேவோன் என்ற பொருள்கள். பயறு வகைச் செடிகள் இவற்றைப் பூஞ்சையை எதிர்க்கவும், வேர் முடிச்சு பாக்டீரியாவோடு பேசவும் செய்துகொள்கின்றன. ஆனால் இந்த மூலக்கூறின் உருவமும் ஈஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனின் உருவமும் ஒரு இடத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டுக்கும் இரு முனையிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு பிடி, பிடிகளுக்கு நடுவே ஏறக்குறைய அதே தூரம். அதனால் ஹார்மோன் உட்காரும் இடத்தில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

உட்கார்ந்தாலும் சரியாகப் பொருந்தாது. அசல் ஹார்மோனின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பின் ஏன் இவ்வளவு சேதம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். டுவால்கனப் போன்ற ரகத்தின் இலையில் காய்ந்த எடையில் சுமார் 1 சதவீதம் ஃபார்மோனோனெட்டின் என்ற ஐசோஃப்ளேவோன் இருக்கும். ஆடு ஒரு நாளில் காய்ந்த எடைக்கு ஒரு கிலோ தின்றால் 10 கிராம் உள்ளே போகிறது. பெண்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரை ஒன்றில் இருக்கும் ஈஸ்ட்ரோஜென் சுமார் 30 மைக்ரோகிராம்தான். எடையில் மூன்று லட்சம் மடங்கு வித்தியாசம். வீரியம் ஆயிரத்தில் ஒன்றோ, அதிலும் குறைவோ, இந்த அளவுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போதுதான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிளோவரில் ஐசோஃப்ளேவோன் ஒன்று இல்லை, பல உண்டு. 1950-களில் எல்லோரும் ஜெனிஸ்டீனைத்தான் சந்தேகப்பட்டார்கள். சுண்டெலிக்குக் கொடுத்தால் அதுதான் கருப்பையை நன்றாகப் பெரிதாக்கியது. ஃபார்மோனோனெட்டின் எலிக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் வேறு கதை சொன்னது: ஜெனிஸ்டீன் நிறைய உள்ள கிளோவரில் ஆடு பிழைத்தது, ஃபார்மோனோனெட்டின் நிறைய உள்ளதில்தான் கெட்டது. எலி ஒன்று சொல்கிறது, ஆடு ஒன்று சொல்கிறது. எலிக்கு இல்லாதது ஆட்டுக்கு என்ன இருக்கிறது? அசைபோடும் பெருவயிறு.

பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஜெனிஸ்டீனை உடைத்துச் சாதுவான பொருளாக்கிவிடுகின்றன. புதிதாகக் கிளோவருக்குள் விட்ட ஆட்டுக்கு முதல் சில நாள் ஜெனிஸ்டீன் வேலை செய்யும். ஒரு வாரம் பத்து நாளில் நுண்ணுயிர்கள் பழகிவிடும், அதோடு சரி. ஃபார்மோனோனெட்டின் விஷயத்தில் அதே நுண்ணுயிர்கள் அதே மாதிரிப் பழகுகின்றன, விளைவு மட்டும் தலைகீழ். அதை முதலில் டெய்ட்சீன் ஆக்கி, அதிலிருந்து ஈக்வால் என்ற பொருளாக்குகின்றன. ஈக்வால் சீக்கிரம் உடையாது. ரத்தத்தில் ஏறி நிற்கும். நல்ல ஹார்மோன் வேகமும் உண்டு. ஆக, விஷம் செடியில் இருந்து வந்தது என்பது பாதி உண்மைதான். மூலப்பொருளைக் கொடுத்தது செடி, சமைத்தது ஆட்டின் வயிறு.

ஈக்வால் அன்றைக்குப் புதுப் பெயர் இல்லை. 1932-லேயே சினைக் குதிரையின் சிறுநீரில் அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, லத்தீனில் ஈக்வஸ் என்றால் குதிரை. அது என்னத்துக்கு ஆகும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஷட், பிரேடன் என்ற இருவர் 1968-ல் கிளோவர் ஆடுகளின் கோளாறுக்கும் ஈக்வாலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள்.

மாட்டுக்கு? மாட்டின் பெருவயிறும் ஈக்வால் செய்கிறது, ரத்தத்திலும் ஏறுகிறது. ஆனால் செம்மறி அளவுக்கு மாடு கெடுவதில்லை. மாட்டின் உடம்பு அதைக் கட்டிப்போடும் விதமும், கருப்பையில் ஹார்மோன் பிடிக்கும் இடங்களின் தன்மையும் வேறு. அதனால்தான் சந்தேகமான நிலத்தில் மாட்டை விட்டு, தாய் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டுவது அங்கே ஒரு பழைய உபாயம். விதையுள்ள கிடாவுக்கும் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. அதன் சொந்த ஆண் ஹார்மோன் எதிர்த்து நிற்கிறது. காயடித்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பெட்டை ஆட்டில் சேதம் இரண்டு விதம். இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் விதம் தற்காலிகம். கிடா சேர்க்கும் சமயத்தில் பச்சைக் கிளோவர் மேய்ந்தால் முட்டை குறைவாக வெளிவரும், சினை பிடிப்பது குறையும். வேறு மேய்ச்சலுக்கு மாற்றினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் சரியாகிவிடும்.

இரண்டாவது விதம் நிரந்தரம். பல மாதம், பல பருவம் என்று தொடர்ந்து மேய்ந்த ஆட்டின் கருப்பைக் கழுத்தே உருமாறிவிடுகிறது. நல்ல ஆட்டில் கருப்பைக் கழுத்தை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக, இடுக்கு இடுக்காக இருக்கும். பருவத்தில் அந்த இடுக்குகளில் இழுத்தால் நூல் போல் நீளும் கோழை நிரம்பியிருக்கும். கிடாவின் விந்தணுக்கள் அங்கே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். அது ஒரு சத்திரம் மாதிரி. கிளோவர் நோய் வந்த ஆட்டில் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய், உள்சுவர் கருப்பையின் சுவர் போலவே மாறிவிடுகிறது. கோழை தண்ணீராகிவிடும், நூல் இழுபடாது. விந்தணு தங்க இடமில்லை, மேலே போக வழியில்லை. ஆடு பருவத்துக்கு வரும், கிடா சேரும், பார்வைக்கு எல்லாமே சரியாக நடக்கும். மூன்றாவது வாரம் மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கும்.

உடலில் ஓர் உறுப்பு இன்ன வடிவம் என்பது பொதுவாகத் தாய் வயிற்றிலேயே தீர்மானமாகிவிடும். வளர்ந்து முடிந்த ஆட்டில் ஓர் உறுப்பு இன்னொரு உறுப்பின் சாயலுக்கு மாறுவது அபூர்வம். கிளோவரைக் காயவைத்தாலும், ஆட்டை நல்ல புல்லுக்கு மாற்றினாலும் அது திரும்பி வராது. அந்த ஆட்டைக் கழித்துவிட வேண்டியதுதான்.

தப்பித்துக்கொள்ள இயற்கையே சில ஓட்டைகள் வைத்திருக்கிறது. சப் கிளோவர் காய்ந்து சருகானால் ஃபார்மோனோனெட்டின் வெகுவாகக் குறைந்துவிடும். பச்சையில் வெட்டிக் காயவைத்த தீவனத்தில் அவ்வளவு குறையாது. சிவப்புக் கிளோவர் என்ற இன்னொரு வகையை ஊறுகாய்ப்புல்லாக (சைலேஜ்) போட்டால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மண்ணில் மணிச்சத்து குறைந்தால் இலையில் ஐசோஃப்ளேவோன் கூடும், ஆக உரம் போடாத கஞ்சத்தனமும் ஆட்டு மடியில் வந்து முடியும். புல்லும் கிளோவரும் கலந்து நின்றால் அளவு தானாக இறங்கும்.

ஆனால் உண்மையான தீர்வு ரகத்தை மாற்றியதுதான். டுவால்கனப், யார்லூப், டினினப், ஜெரால்டன் ஆகிய பழைய ரகங்களுக்குப் பதில் ஃபார்மோனோனெட்டின் குறைந்த ரகங்களைத் தேடி எடுத்தார்கள், புதிதாகவும் உருவாக்கினார்கள். சீட்டன் பார்க், டாலியாக், டிரிக்காலா என்று வரிசையாக வந்தன. காய்ந்த எடையில் 0.2 சதவீதத்துக்கு மேல் ஃபார்மோனோனெட்டின் இருந்தால் புது ரகமாக வெளிவிட மாட்டார்கள். இப்படியாகப் பால் கட்டிய கிடாக்கள் அரிதாயின.

பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அந்தச் செடி ஒரு வேலை செய்தது. நிலக்கடலை மாதிரி காயை மண்ணில் புதைக்கும் என்றேன் அல்லவா? அதோடு விதைக்குக் கெட்டியான தோல். வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்து பாதி பாதியாக முளைக்கும். புது ரகத்தை மேலே தூவினாலும் கீழே பழைய ரகத்தின் விதை காத்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்றும் பல மேய்ச்சல் நிலங்களில் டினினப்பும் யார்லூப்பும் நிற்கின்றன. அறிகுறிகளும் இப்போது மெலிந்துவிட்டன: இரட்டைக் குட்டி குறைகிறது, ஈனும்போது குட்டி தவறுகிறது, நாலைந்து ஆடு கூடுதலாகக் காலியாக நிற்கிறது. தாத்தா காலத்து நோய் என்று பேரன் மறந்துவிட்டான். இலையின் மேலுள்ள வெளிறிய பட்டையையும் காம்பிலுள்ள செம்மையையும் பார்த்து ரகம் பிரிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயும் குறைவு.

அப்புறம் உங்கள் குதிரைமசால். இது கிளோவரின் உறவுக்காரச் செடிதான், ஆனால் இதன் வழி வேறு. குதிரைமசாலில் இருப்பது கூமெஸ்ட்ரால். 1957-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிக்காஃப் குழுவினர் லடினோ என்ற வெள்ளைக் கிளோவர் வகையிலிருந்து பிரித்தெடுத்த பொருள். வேகத்தில் ஐசோஃப்ளேவோன்களைவிட இது பலமானது. நல்ல செய்தி என்னவென்றால், ஆரோக்கியமான குதிரைமசாலில் இது மிகக் குறைவு, காய்ந்த எடையில் கிலோவுக்குச் சில மில்லிகிராம். செடிக்கு இலைப்புள்ளி நோய் வந்தால், அசுவினி அடித்தால், அதை எதிர்க்கச் செடி கூமெஸ்ட்ராலைக் குவிக்கும். அப்போது கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வரை போகும். அதாவது சப் கிளோவரில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த ரகம்?" என்றால், குதிரைமசாலில் "இலை எப்படி இருக்கிறது?" என்பதே கேள்வி.

கூமெஸ்ட்ரால் செம்மறியில் செய்யும் முக்கியமான சேதம், வெளிவரும் முட்டையின் எண்ணிக்கையைக் குறைப்பது. இரட்டை போட வேண்டிய ஆடு ஒற்றை போடும். யாரும் அதை நோய் என்று நினைக்க மாட்டார்கள். நல்லவேளையாக இது பெரும்பாலும் தற்காலிகம்தான். ஓர் அறுப்பை எடுத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்தால், அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால், அந்த அறுப்பு கிடா சேர்க்கப்போகும் ஆடுகளுக்கு வேண்டாம். முற்றவிட்டு அறுக்காமல் பூ எடுக்கும் தருணத்திலேயே அறுத்துவந்தால் பெரும்பாலும் புள்ளி விழ நேரமே இருக்காது.

இங்கே ஒரு கிளைக்கதை. சூபாபுல் என்ற தீவன மரத்தின் தழையைப் போடுபவர்கள் "அதிலும் ஹார்மோன் இருக்கிறதாமே" என்று கேட்பதுண்டு. அதில் இருப்பது மைமோசின், வேறு சரக்கு. ரோமம் கொட்டும், தைராய்டு கெடும். ஆனால் வயிற்றுக் கணக்கு அங்கேயும் உண்டு. ஹவாய் தீவில் ஆடுகள் சூபாபுல் தின்று நன்றாக இருந்தன, ஆஸ்திரேலியாவில் மாடுகள் வாடின. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி 1980-களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிரை ஆஸ்திரேலிய மாட்டுக்கு மாற்றியதும் மாடுகள் தேறின. அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு செடியில் வயிறு விஷத்தை முறிக்கிறது, இன்னொன்றில் வயிறே விஷத்தைச் செய்கிறது. "இந்தச் செடியில் விஷம் உண்டா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் கொட்டகைக்கு வருவோம். ஆடு சினை பிடிக்கவில்லை என்றால் குதிரைமசாலைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. உடல் மெலிவு, தாது உப்புக் குறை, குடற்புழு, கிடாவுக்கு வயசாகிவிட்டதா என்பது. மாடு என்றால் பருவத்தைச் சரியான நேரத்தில் பார்க்காமல் சினை ஊசி போட்டதும் சேர்ந்துகொள்ளும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் மறக்காதீர்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை ஜியாரலினோன் என்ற ஈஸ்ட்ரோஜென் சரக்கைச் செய்யும், பன்றிகளில் இனப்பெருக்க உறுப்பு வீங்குவதை வைத்தே அதைக் கண்டுபிடிப்பார்கள். குதிரைமசாலால் உடனடியாக வரும் ஆபத்து ஹார்மோன் இல்லை, வயிறு உப்புசம்தான். ஈரத்தோடு வெறும் வயிற்றில் வாரிப் போட்டால் ஒரே மணி நேரத்தில் இடது பக்கம் பறைபோல் உப்பிவிடும்.

ஆகவே தொடர்ந்து போடுங்கள். வாடவைத்து, வைக்கோலோ சோளத்தட்டையோ கலந்து, மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் போடுங்கள். கிடா விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்து கிடா பிரிக்கும் வரை தாய் ஆடுகளுக்கு மட்டும் கோ-4 மாதிரியான புல்லையோ சோளத்தையோ அதிகமாக்கிக் குதிரைமசாலைக் குறைத்துவிடுங்கள். புள்ளி விழுந்த அறுப்பு அந்த நாட்களில் வந்தால் உழவு மாட்டுக்குப் போகட்டும். உங்கள் மந்தையில் காயடித்த கிடா ஒன்றிரண்டு இருந்தால் அவ்வப்போது படுக்கவைத்துக் காம்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.